பிள்ளைகளுடன் ஓகஸ்ட் விடுமுறையில் வரலாற்று இடங்களுக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து எந்த வழியாகப் போகலாம்?

கோண்டாவில் வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஓகஸ்ட் மாதத்தில் என் தங்கையின் குடும்பம் கனடாவிலிருந்து வருகிறது. தங்கையின் பிள்ளைகளுக்கு 12 வயதும் 6 வயதும். எங்கள் வீட்டில் மகளுக்கு 11, மகனுக்கு 8. பிள்ளைகள் நால்வர், பெரியவர்கள் நால்வர், அவர்களுடன் எங்கள் அம்மா என ஒன்பது பேர் ஒரு வானில் நான்கைந்து நாள் வரலாற்று இடங்களைப் பார்த்து வர எண்ணியிருக்கிறோம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கும் தேருக்கும் இடையில் போய், தேருக்கு முன்பே வீடு திரும்பிவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. திருவிழா நாள்கள் முழுவதும் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு மட்டுமே என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டும் இப்படி ஒரு பயணம் போனோம். நான்கு நாளில் பதினான்கு இடங்கள் என்று நானே பட்டியல் எழுதி, ஒன்றையும் விடாமல் பார்த்தே தீருவது என்று பிடிவாதமாக நின்றேன். மூன்றாம் நாள் பொலநறுவையில் மகன் வானை விட்டு இறங்க மறுத்து அழுதான். மகள் இறங்கினாலும் எந்தக் கல்லையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீடு திரும்பி ஒரு கிழமைக்குப் பின் அப்பம்மா அவனிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டபோது, குரங்கு பார்த்தேன் என்றான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளைகளின் விடுமுறையை நான் வீணாக்கிவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

இம்முறை அப்படி ஆகக்கூடாது. குடாநாட்டுக்குள் இருக்கும் இடங்களே இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் போதுமா, அல்லது அநுராதபுரம், பொலநறுவை, சிகிரியா வரை போகத்தான் வேண்டுமா? போவதாக இருந்தால் எதை விடலாம்? சொந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவர்களிடமிருந்து கேட்க விரும்புகிறேன்.

வடமராட்சித் தாய்:

வணக்கம் அண்ணா. எனக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு ஏழு வயது. உங்களுக்கு நேர்ந்ததே எங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. அதன் பிறகு நாங்கள் கைக்கொண்ட வழக்கம், காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், பகல் பதினொரு மணியிலிருந்து மூன்றரை வரை எங்காவது நிழலில் இருப்பது என்பதுதான். ஓகஸ்ட் வெயிலில் இதற்கு மேல் பிள்ளைகளால் முடியாது.

முதல் இரண்டு நாளையும் குடாநாட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கனடாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதலில் தங்கள் தாயின் ஊர் பிடிபடட்டும். யாழ்ப்பாணக் கோட்டைக்கு மாலை நாலரை மணிக்குப் போங்கள். போர்த்துக்கேயர் கட்டியதை 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதை ஐங்கோண வடிவில் மாற்றிக் கட்டினார்கள் என்று நான் சொன்னபோது என் பிள்ளைகள் கேட்டும் கேளாமலும் நின்றார்கள். ஆனால் மதிலுக்கு அருகே போய், கல்லில் பூப்போலவும் தேன்கூடு போலவும் தெரியும் வரிகளை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னதும் நிலைமை மாறிவிட்டது. அது முருகைக்கல்; ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் உயிருடன் இருந்தது. இந்தக் கோட்டை கடலிலிருந்து வந்ததா என்று கடைசிப் பிள்ளை கேட்டாள். பிறகு கொத்தளங்களை எண்ணிக்கொண்டு மதிலின் மேல் ஒரு சுற்று நடந்தார்கள். ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு போங்கள். அதற்குச் செலவழித்த காசு வீண்போகவில்லை. மதிலின் மேல் கைப்பிடிச் சுவர் இல்லாத பகுதிகள் உள்ளதால் ஆறு வயதுப் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

அடுத்த நாள் காலையில் கந்தரோடை. பனைகளுக்கு நடுவே சிறிய தூபிகள் கூட்டமாக நிற்கும் அந்த இடம், பெரிய நகரங்களின் பெருந்தூபிகளைவிடக் குழந்தைகளின் உயரத்துக்கு ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. 1917 அளவில் வரலாற்றாளர் போல் பீரிஸ் அங்கே அகழ்ந்து பார்த்தார். பழைய நாணயங்கள் பல அந்த ஊரில் கிடைத்திருக்கின்றன. அரை மணித்தியாலம் அங்கே போதும். அங்கிருந்து கீரிமலைக் கேணிக்குப் போய்க் குளியுங்கள். கடலுக்கு ஒரு மதில்தான் இடைவெளி, ஆனாலும் தண்ணீர் நன்னீர். இது எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெய்த மழை சுண்ணாம்புக்கல்லின் துளைகளினூடாக நிலத்துக்குள் இறங்கி, அங்கே வந்து ஊற்றாக வெளிப்படுகிறது என்று சொல்லலாம். திரும்பும் வழியில் புத்தூரில் நிலாவரைக் கிணற்றையும் காட்டினால் அதே கதையின் மறுபாதி கிடைக்கும்: அந்தக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். நிலாவரையில் கம்பிக்கு இப்பால் நின்றே பார்க்க வேண்டும்.

நெடுந்தீவைப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். குதிரைகள் இருக்கின்றன, முருகைக்கல் வேலிகள் இருக்கின்றன. ஆயினும் குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலப் படகு. சோளகக் காற்று வீசும் இந்த மாதத்தில் கடல் கொந்தளிப்பாக இருந்தால் சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். அம்மாவும் வருகிறார் என்பதால் நயினாதீவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஓய்வுநிலை வரலாற்று ஆசிரியர்:

வடமராட்சித் தங்கை சொன்னவை அனைத்தும் பயனுள்ளவை. நயினாதீவு என்றதும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாகபூசணி அம்மன் கோவிலில் பொலநறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகு காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டு. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் வெளிநாட்டு வணிகரைப் பாதுகாக்க வேண்டும் என்பதும், கப்பல் உடைந்தால் சரக்கை எப்படிப் பங்கிடுவது என்பதும் அதில் உள்ளன. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றைய வணிகப் பொருள் கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் பாதிக்குப் பாதி. இதைப் பிள்ளைகளிடம் கணக்காகக் கொடுங்கள்: எட்டுக் குதிரைகள் கரை சேர்ந்தால் அரசனுக்கு எத்தனை? யானைக்கும் குதிரைக்கும் மட்டும் அரசன் ஏன் குறைவாக எடுத்தான்? என் மாணவர்களிடம் நான் பல ஆண்டுகள் கேட்ட கேள்வி இது. போருக்கு அவை வேண்டும், வணிகன் அஞ்சி வராமல் நின்றுவிடக் கூடாது என்ற விடையைப் பத்து வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சென்ற ஆண்டு பட்டியல் நீண்டுவிட்டது என்பது உண்மை. அதைவிட, அந்த இடங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கதை பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் பெரிய குறை என்று நினைக்கிறேன். பதினான்கு இடங்களும் அவர்களுக்குப் பதினான்கு கற்குவியல்கள். ஆகவே இம்முறை ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். அருவியாறு, சிங்களத்தில் மல்வத்து ஓயா, இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு, 164 கிலோமீற்றர். அநுராதபுரத்தை ஒட்டி ஓடி, மன்னாருக்குத் தெற்கே அரிப்புக்கு அருகில் கடலில் விழுகிறது. பழைய நூல்கள் அதைக் கதம்ப நதி என்கின்றன. கடலிலிருந்து தொடங்கி ஆற்றின் எதிர்த்திசையில் தலைநகரம் வரை போங்கள்.

முதல் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம் வழியாக மன்னாருக்கு. 2011 இல் அந்தப் பாலம் திறக்கப்பட்ட பின் இந்த வழி எளிதாகிவிட்டது. பூநகரிக் கோட்டையின் எச்சங்கள் வழியிலேயே இருக்கின்றன. பத்து நிமிடம் போதும். பிறகு மாந்தைக்கும் திருக்கேதீஸ்வரத்துக்கும். அநுராதபுரத்து அரசர் காலத்தில், மாதோட்டம் என்றும் அழைக்கப்பட்ட இந்த மாந்தையே அந்த நகரின் பெருந்துறைமுகம். சீன மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் அங்கே அகழ்வில் கிடைத்தன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் என்று பள்ளியில் தேவாரம் படிக்கும் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். சுந்தரர் பதிகத்தில் வரும் பாலாவித் தீர்த்தம் கண்முன்னே கிடக்கும்போது அந்தப் பதிகத்தை அங்கேயே நின்று பாடச் சொல்லுங்கள். அம்மா மிகவும் மகிழ்வார். மன்னாரில் 1560 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையும், பள்ளிமுனையில் ஏறத்தாழ 19 மீற்றர் சுற்றளவுள்ள பெருக்கமரமும் (பாவோபாப்) உள்ளன. அந்த மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்ததாகக் கருதுகிறார்கள். ஒன்பது பேரும் கைகோத்துச் சுற்றிவளைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாது என்பதே என் கணிப்பு.

இரண்டாம் நாள் காலை அரிப்புக்கு. முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையின் இடிபாடு கடலோர மேட்டில் நிற்கிறது. அலை அரித்து விழுந்துகொண்டிருக்கும் கட்டடம் ஆதலால் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். ஆனால் நான் பிள்ளைகளை அங்கே கூட்டிச் செல்லச் சொல்வது மாளிகைக்காக மட்டும் அன்று. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் 1660 இல், பத்தொன்பது வயதில், திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி அரசில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்தார். 1679 இல் ஒரு தோழருடன் தப்பி, அநுராதபுரத்துப் பக்கத்தில் இந்த ஆற்றை அடைந்து, யானைக் காட்டினூடாக அதன் கரையைப் பிடித்தே நடந்து, அப்போது ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையில் வந்து சேர்ந்தார். அவர் நடந்து வந்த வழியின் முடிவில் நின்றுகொண்டு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அவர் எங்கிருந்து வந்தாரோ அங்கே இப்போது போகிறோம் என்று வானை எடுங்கள். அநுராதபுரம் வரை பிள்ளைகள் நித்திரை கொள்ள மாட்டார்கள்.

மூன்றாம் நாள் முழுவதும் அநுராதபுரம். அங்கேயும் மூன்று இடங்கள் மட்டும்: அதிகாலையில் மகாபோதி அரசமரமும் ருவன்வெலிசாயத் தூபியும், மாலையில் ஜேதவனம். மகாசேனன் என்ற அரசன் கட்டத் தொடங்கிய ஜேதவனத் தூபி முதலில் ஏறத்தாழ 122 மீற்றர் உயரம் கொண்டிருந்தது. அக்காலத்தில் அதைவிட உயர்ந்து நின்றவை எகிப்தின் இரண்டு பெரும் பிரமிட்டுகளே. முழுவதும் செங்கல். அந்தச் செங்கல்லுக்கு மண்ணும் தண்ணீரும் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டுவிட்டு ஆற்றங்கரைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பொலநறுவையும் சிகிரியாவும் வேறோர் ஆண்டுக்கு இருக்கட்டும்.

சுன்னாகம் வான் சாரதி:

ஐயா சொன்ன வழியில் நான் பல தடவை ஓடியிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் ஏறத்தாழ 120 கிலோமீற்றர், மன்னாரிலிருந்து அநுராதபுரம் மதவாச்சி வழியாக 110 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அரிப்புக்குப் போய் வருவதற்கு மேலதிக நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் உள்ள பயணம் என்றால் காலை ஐந்தரைக்கு வான் நகர வேண்டும். பூநகரிக்கும் மன்னாருக்கும் இடையில் வீதி நன்றாக இருந்தாலும் நீண்ட தூரத்துக்கு வெட்டவெளி. கடைகள் குறைவு, சுத்தமான மலசலகூடம் அதைவிடக் குறைவு. ஆதலால் புறப்படும் முன்பும் மன்னார் நகரிலும் பிள்ளைகளைப் போய்வரச் செய்யுங்கள். மரக்கறிச் சாப்பாடு என்றபடியால் முதல் நாளுக்குப் புட்டோ இடியப்பமோ வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவதுதான் நல்லது; சம்பலைத் தனியாகக் கட்டுங்கள், தேங்காய்ப்பூ வெக்கையில் பழுதாகிவிடும். ஒன்பது பேருக்கு ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கலன்கள் இரண்டேனும் வேண்டும். பயணத்தில் தலையிடி, சத்தி என்று பிள்ளைகள் சொல்வதில் பாதி தண்ணீர் குடிக்காததால் வருவது என்பது என் அனுபவம்.

ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. அதற்கு முந்திய நாள்களில் மன்னார் – மதவாச்சி வீதியில் வாகனங்கள் நிறைந்திருக்கும்; மன்னாரிலும் தங்குமிடம் கிடைப்பது கடினம். அந்தத் தேதியைத் தவிர்த்து நாள் குறியுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு காட்டு வீதிகளில் ஓட வேண்டாம். யானை குறுக்கே நிற்கும் என்பது கதைக்காகச் சொல்வது அன்று, நான் கண்டது.

இன்னொன்று. அநுராதபுரத்தில் தூபி முற்றங்களில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். பத்து மணிக்குப் பின் அந்தக் கல் அடுப்புப் போல் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குத் தடித்த காலுறை எடுத்துச் செல்லுங்கள். வெள்ளை அல்லது இளநிற உடை, தோளும் முழங்காலும் மறையும்படி. கனடாக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்வாசிகளைவிடப் பல மடங்கு. நான்கு பேருக்கும் எவ்வளவு என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். வாசலில் நின்று கணக்குப் பார்த்துக் குடும்பத்துக்குள் மனவருத்தம் வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கோண்டாவில் வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆற்றைப் பிடித்துப் போவது என்பதை இரவு சாப்பாட்டில் சொன்னேன். மகள் உடனே நிலப்படத்தை எடுத்துவந்து அருவியாற்றை நீலப் பென்சிலால் வரையத் தொடங்கிவிட்டாள்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதம் இருக்கிறது. பொது நூலகத்தைக் காட்டாமல் யாழ்ப்பாணத்தைக் காட்டினேன் என்று சொல்ல முடியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன சொல்வது? அநுராதபுரத்திலும், இது எங்களுடைய ஊரா, அவர்களுடைய ஊரா என்று மருமகன் கேட்பான். அவன் அப்படிக் கேட்கிற பிள்ளை.

வடமராட்சித் தாய்:

நூலகத்துக்கு நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றபோது முதலில் சிறுவர் பகுதியில் அரை மணித்தியாலம் வாசிக்க விட்டோம். பார்வையாளருக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். வெளியே வந்து சரஸ்வதி சிலைக்கு அருகே நின்றபோதுதான் மூத்தவனுக்குச் சொன்னேன்: 1981 மே 31 இரவு இதை எரித்தார்கள், ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகளும் இருந்தன என்று. அவன் பதில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னவளிடம், ஒரு முறை எரிந்துவிட்டது, எல்லோரும் சேர்ந்து மறுபடி கட்டினார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் வளர்ந்து கேட்கும்போது மீதியைச் சொல்வேன். பொய் சொல்லவில்லை, வயதுக்கு ஏற்ற அளவு சொன்னேன்.

ஓய்வுநிலை வரலாற்று ஆசிரியர்:

மருமகன் கேட்கட்டும், அது நல்ல கேள்வி. தமிழ் அரசன் எல்லாளன் அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்டான் என்று பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சமே சொல்கிறது. அவனை வென்ற சிங்கள அரசன் துட்டகைமுனு எழுப்பியதே ருவன்வெலிசாய. அதே துட்டகைமுனு, எல்லாளன் நினைவிடத்தைக் கடக்கும்போது எவரும் மேளம் அடிக்கக் கூடாது என்று ஆணையிட்டான் என்பதும் அந்த நூலில்தான் இருக்கிறது. கன்றை இழந்த பசுவுக்காக மகனையே தண்டித்த அரசனின் கதையைப் பிள்ளைகள் மனுநீதிச் சோழன் கதையாக அறிவார்கள். மகாவம்சம் அதை எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய பிள்ளைகள் இருவருக்கும் வயது வந்துவிட்டது.

அநுராதபுரத்திலேயே அபயகிரி விகாரைப் பக்கம் போக நேரம் கிடைத்தால், தமிழ் இல்லத்தவர் கூடுவதற்கென அமைத்த மேடை ஒன்றைப் பற்றிக் கூறும் பிராமிக் கல்வெட்டு அங்கே பாறையில் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முற்பட்டது, மொழி பிராகிருதம். இருக்கைக்கு இருக்கை ஆள்களின் பெயர் பொறித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கப்பல் தலைவன். மாதோட்டத்தில் இறங்கி இந்த ஆற்றுப் பக்கமாக வந்தவனாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்றே பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். அவன் எந்த ஊரவன் என்று மருமகனே யோசிக்கட்டும்.

கோண்டாவில் வாசி:

முடிவு செய்துவிட்டோம். முதல் இரண்டு நாளும் வீட்டிலிருந்தே கோட்டை, நூலகம், கந்தரோடை, கீரிமலை. ஒரு நாள் ஓய்வு. பிறகு மன்னார், அரிப்பு, அநுராதபுரம் என்று மூன்று நாள், நான்காம் நாள் பகலுக்குள் கண்டி வீதியால் வீடு. மடுத் திருவிழா கழிந்து, தேருக்கு நான்கு நாள் முன்பாகத் திரும்பும்படி தேதி பார்த்திருக்கிறோம். நயினாதீவுக்குத் தேர் முடிந்த பின் அம்மாவுடன் போவதாக இருக்கிறோம். எட்டுக் குதிரைக் கணக்கை மகனிடம் இன்றே கொடுத்துப் பார்த்தேன். அரசனுக்கு இரண்டு என்றான், பிறகு கடலில் செத்த குதிரைகளை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டான். விடை தெரியாததால் அதையும் ஆசிரியர் ஐயாவிடமே விடுகிறேன்.